எல்லாக் கைகளுக்கும் பட்டறை



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், பள்ளிப் பிள்ளைகள் தம் கையாலேயே பொருள்களைச் செய்தும், பிரித்தும், பூட்டியும், வரைந்தும், வனைந்தும் கற்கும் பட்டறைகளைப் பற்றியது. பயிலரங்கு என்றும், செய்முறைக்கூடம் என்றும், புத்தாக்க ஆய்வகம் என்றும் பல பெயர்களால் வழங்கும் இவற்றை, கோடை விடுமுறையில் பிள்ளைகளின் பொழுதைப் போக்குவதற்கு ஏற்பட்ட உபாயம் என்றே நம்மில் பலர் கருதியிருக்கிறோம். பரீட்சைக்கு உரிய பாடங்கள் யாவும் முடிந்து நேரம் மிச்சப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்போரும் உண்டு. அந்த அபிப்பிராயம் பிழையானது என்பதை உங்கள் முன் நிறுவ விரும்புகிறேன். அதனினும் முக்கியமான மற்றொன்றையும் சொல்ல விரும்புகிறேன். கை எல்லாருக்கும் உண்டு. ஆதலால் பட்டறையும் எல்லாருக்கும் உண்டு. இவ்வளவு தெளிவான நியாயத்தை வற்புறுத்துவதற்கு ஒரு சொற்பொழிவு வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும் என்பதற்கு நம் தேசத்துக் கல்விச் சரித்திரமே சாட்சி.

சரித்திரத்துக்குப் போவதற்கு முன்னால், ஓர் எளிய செய்முறையை உங்கள் மனக்கண் முன் நிறுத்துகிறேன். டார்ச் விளக்குக்குப் போடும் பாட்டரி ஒன்று, துணியில் குத்தும் ஊக்கு இரண்டு, பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத் துண்டு ஒன்று, எனாமல் பூசிய தாமிரக் கம்பி மூன்று முழம், ரப்பர் வளையம் ஒன்று. இவ்வளவுதான் சாமான். கம்பியைப் பாட்டரியின்மேல் பத்துச் சுற்றுச் சுற்றிச் சுருளாக உருவி எடுத்து, அதன் இரு முனைகளையும் இருபுறமும் அச்சுப்போல நீட்டிவிட்டு, பாட்டரியின் இரு துருவங்களிலும் ஊக்குகளை ரப்பர் வளையத்தால் இறுக்கி நிறுத்தி, ஊக்குகளின் காதுகளிலே சுருளை மாட்டி, அதன் கீழே காந்தத்தை வைத்தால், ஒரு மின்மோட்டார் ஆயிற்று.

ஆயிற்றா? அங்கேதான் கல்வி ஆரம்பமாகிறது. எனாமலைச் சுரண்டாத பிள்ளையின் சுருள் அசையவே அசையாது. எனாமல் மின்னோட்டத்தைத் தடுக்கும் என்பதை அந்தப் பிள்ளை அப்பொழுது அறிகிறது. இரு முனைகளையும் முழுவதும் சுரண்டிவிட்ட பிள்ளையின் சுருளோ, சற்றே துடித்து நின்றுவிடும். ஏன்? சுருள் அரைச்சுற்றுத் திரும்பியதும் காந்தம் அதனை எதிர்த்திசையில் தள்ளத் தொடங்குகிறது; அந்த அரைச்சுற்றுக்கு மட்டும் மின்னோட்டம் அறுபட்டுச் சுருள் தன் வேகத்தாலேயே கடந்து சென்றால்தான் சுழற்சி தொடரும். ஆகவே ஒரு முனையை முழுவதும் சுரண்டி, மறுமுனையிலே பாதிச் சுற்றளவை மட்டும் சுரண்ட வேண்டும். இந்த உண்மையைப் புத்தகத்தில் ஒரு வாக்கியமாகப் படித்து ஒப்புவித்த பிள்ளைக்கும், நின்றுபோன சுருளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து, பிளேடு எடுத்து மீண்டும் சுரண்டி, அது விர்ரென்று சுழலத் தொடங்கியதும் துள்ளிக் குதித்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு! முதற்பிள்ளை ஒரு செய்தியை அறிந்தது. இரண்டாம் பிள்ளையோ, ஒன்று நடவாதபோது காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் வித்தையையே அறிந்துகொண்டது.

அந்த வித்தையால் உயர்ந்த ஒருவரைச் சொல்கிறேன். நம் கொங்கு நாட்டிலே கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடித்தவர் அல்லர். ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு மோகித்து, கோயம்புத்தூர் ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அதனையே விலைக்கு வாங்கி, அக்கு அக்காகப் பிரித்துப் பூட்டிக் கற்றவர் அவர். அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-இல் கோயம்புத்தூரில் உருவாக்கிய மின்மோட்டாரே இந்நாட்டின் முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுகிறது. அவருக்கு அந்த வாய்ப்பு தம் விடாப்பிடியினால் கிடைத்தது. அத்தகைய விடாப்பிடி எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதில்லை. தற்செயலாக ஒருவருக்குக் கிடைத்ததை ஏற்பாடாக எல்லாருக்கும் கிடைக்கச் செய்வதற்கு அல்லவா பள்ளிக்கூடம் இருக்கிறது?

அந்த ஏற்பாட்டைப் பற்றி நம் நாட்டில் பெரியதொரு சிந்தனை எழுந்ததும் அதே 1937-ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு அக்டோபர் மாதம் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் நடந்த கல்வி மகாநாட்டில், ஏழாண்டுக் காலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தாய்மொழியிலேயே அளிக்கப்பட வேண்டும் என்றும், அக்கல்வி ஒரு கைத்தொழிலை நடுநாயகமாகக் கொண்டு அமைய வேண்டும் என்றும் தீர்மானிக்கப்பட்டது. பின்னாளில் குடியரசுத் தலைவராக விளங்கிய ஜாகிர் உசேன் தலைமையில் அதற்கென ஒரு குழு அமைந்தது. தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும், இலங்கைத் தமிழராகிய ஆரியநாயகமும் அக்குழுவில் இடம்பெற்றார்கள்; ஆரியநாயகமும் அவர் மனைவியார் ஆஷாதேவியும் சேவாக்கிராமத்திலேயே தங்கி அக்கல்வியை வளர்ப்பதைத் தம் வாழ்க்கைப் பணியாகக் கொண்டார்கள். தமிழ்நாட்டில் அது ஆதாரக் கல்வி என்று பெயர்பெற்றது. பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயம், டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் கண்ட காந்திகிராமம் ஆகியவை அதற்கு உறைவிடமாயின.

தக்ளியைச் சுழற்றி நூல் நூற்கும் பிள்ளை, நூலின் நீளத்தை அளக்கும்போது கணிதம் கற்கிறது. பஞ்சு விளையும் கரிசல் மண்ணைப் பற்றி வினவும்போது பூகோளம் கற்கிறது. நம் நெசவுத் தொழில் யாரால் எவ்வாறு அழிக்கப்பட்டது என்று கேட்கும்போது சரித்திரம் கற்கிறது. கருத்து உன்னதமானது. ஆனால் நடைமுறையில் நேர்ந்தது என்ன? பிள்ளைகள் செய்யும் பொருளின் விற்பனையால் பள்ளியின் செலவைச் சரிக்கட்டலாம் என்ற எதிர்பார்ப்பு அத்திட்டத்தோடு சேர்ந்தே வந்தது. விற்பனை முன்னே வந்தால் வினா பின்னே போய்விடும். பல இடங்களிலே கணிதமும் பூகோளமும் சரித்திரமும் உதிர்ந்துபோய், தக்ளி மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. பிறகு 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கல்விக்குழு, வேலை அனுபவம் என்ற பெயரால் அக்கருத்தை மீண்டும் வற்புறுத்தியது. பள்ளி அட்டவணையிலே கைவேலைக்கு ஒரு பாடவேளை ஏற்பட்டது. ஏற்பட்ட வேகத்திலேயே அது கணக்கு ஆசிரியருக்குக் கடனாகவும் போயிற்று. அந்தக் கடனை எவரேனும் திருப்பித் தந்தது உண்டா?

அன்பர்களே, இவ்விடத்தில் நாம் ஒரு வேதனையான அத்தியாயத்தையும் நேராகப் பார்க்க வேண்டும். 1953-இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராயிருந்த இராஜாஜி, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படித்தால் போதும், மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். நாடு கொதித்தெழுந்தது. பெரியாரும், திராவிட இயக்கத்தாரும், காங்கிரசுக்குள்ளேயே பலரும் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று கண்டித்தார்கள். 1954-இல் இராஜாஜி பதவி விலகினார்; காமராசர் முதலமைச்சரானார்; திட்டம் கைவிடப்பட்டது.

அந்தக் கொதிப்பு நியாயமானதே. சவரத் தொழிலாளியின் மகன் கத்தி பிடிக்கவும், சலவைத் தொழிலாளியின் மகன் வெளுக்கவும், அதே வேளையில் அலுவலகத்தாரின் மகன் ஏடும் எழுத்தாணியுமாய் இருக்கவும் நேருமாயின், அங்கே கைத்தொழில் கல்வியாக இருப்பதில்லை. பிறப்பின் தளையாகவே ஆகிவிடுகிறது. பல நூற்றாண்டுகளாக, கையால் உழைத்தவனுக்கு ஏடு மறுக்கப்பட்டது. ஏடு பெற்றவன் கையால் உழைப்பதை இழிவென்று ஒதுக்கினான். தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்ட ஏட்டை அப்பொழுதுதான் கையில் வாங்கிய ஒரு சமூகம், அதனைப் பாதியிலே கீழே வைத்துவிட்டு உளியை எடு என்றால், சினவாதிருக்குமா?

ஆனால் அந்தப் போராட்டத்திலிருந்து நாம் கற்ற பாடம் முழுமையானதா என்று கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. உழைப்பாளியின் பிள்ளைக்கு ஏடு வேண்டும் என்ற பாதியை நன்றாகக் கற்றோம். எல்லாருடைய பிள்ளைக்கும் உளியும் வேண்டும் என்ற மறுபாதியை மறந்தோம். மருத்துவரின் மகள் ஈயம் பற்றவைக்க வேண்டும். தச்சரின் மகன் கணிப்பொறிக்கு நிரல் எழுத வேண்டும். குருக்களின் மகனும் துப்புரவுப் பணியாளரின் மகளும் ஒரே மேசையில், ஒரே மோட்டாரை, ஒன்றாய்ப் பிரித்துப் பூட்ட வேண்டும். எவனும் தன் தந்தையின் தொழிலுக்குள் தள்ளப்படாமலும், எவளும் எந்தக் கருவியிலிருந்தும் விலக்கப்படாமலும் இருக்கும் இடமே பள்ளிப் பட்டறை. குலக்கல்விக்குச் சரியான மறுமொழி அதுவே.

இது கைகூடாத கனவு அன்று. பின்லாந்து தேசத்திலே ஊனோ சிக்னேயஸ் என்னும் கல்வியாளரின் முயற்சியால், 1866-ஆம் ஆண்டிலேயே, மக்கள் பள்ளிகளில் சிறுவர் சிறுமியர் இருபாலாருக்கும் கைவேலை கட்டாயப் பாடமாயிற்று. அண்டை நாடாகிய சுவீடனில் ஓட்டோ சாலமன் என்பவர் நேஸ் என்னும் ஊரில் ஆசிரியர்களுக்கென்றே ஒரு கைவேலைப் பயிற்சிக்கூடத்தை நடத்தினார். பல தேசத்து ஆசிரியர்கள் அங்கே வந்து பயின்றார்கள். பிள்ளைகளைத் தச்சர்களாக ஆக்குவது இவ்விரு கல்வியாளர்களின் நோக்கம் அன்று. மரத்தைச் செதுக்கும்போது கண்ணுக்கு வரும் கூர்மையும், கைக்கு வரும் நிதானமும், தான் தொடங்கியதைத் தானே முடித்தேன் என்று நெஞ்சுக்கு வரும் தன்னம்பிக்கையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியவை என்று அவர்கள் கண்டார்கள்.

பணக்கார தேசத்துக்கு அது சரி, நமக்கு எப்படிக் கட்டுப்படியாகும் என்று யாரேனும் கேட்பீர்களானால், உங்களை மத்தியப் பிரதேசத்து அந்நாளைய ஹோசங்காபாத் மாவட்டத்துக்கு அழைத்துச் செல்கிறேன். 1972-இல் அங்கே பதினாறு நடுநிலைப் பள்ளிகளில், கிஷோர் பாரதி, ரசூலியா கிராம மையம் என்னும் இரு அமைப்புகளின் முயற்சியால் ஒரு புதுமை நடந்தது. பிள்ளைகள் விஞ்ஞானத்தைப் படிக்கவில்லை, செய்தார்கள். நால்வர் நால்வராகக் கூடி அமர்ந்து, சோதனை செய்து, கண்டதைத் தம் சொந்த வாக்கியத்தில் எழுதினார்கள். பரீட்சைக்குப் புத்தகத்தையும் குறிப்பேட்டையும் உடன் கொண்டுபோகலாம். ஏனெனில் அங்கே சோதிக்கப்பட்டது ஞாபகம் அன்று, சிந்தனை. தோன்றும் ஐயங்களை ‘சவாலிராம்’ என்னும் கற்பனை நண்பருக்குக் கடிதமாக எழுதினால் பதில் வரும். 1978-இல் மாவட்டம் முழுவதற்கும் அது பரவியது. 2002-இல் அரசு அதனை நிறுத்திவிட்டது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது; ஆயினும், அரசுப் பள்ளியில், ஏழைப் பிள்ளைகளிடையே, முப்பது ஆண்டுக் காலம் அது நடந்து காட்டியதை யாரும் அழித்துவிட முடியாது.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அரவிந்த் குப்தா என்னும் இளம் பொறியாளர் 1978-இல் அங்கே வந்து சேர்ந்தார். சந்தையிலே கிடைத்த தீக்குச்சிகளையும், சைக்கிள் வால்வுக்குப் போடும் மெல்லிய ரப்பர்க் குழாயையும் கொண்டு, பிள்ளைகள் வடிவங்கள் செய்யும் வழியைக் கண்டார். ரப்பர்த் துண்டுகளை மூட்டாக வைத்து நான்கு குச்சிகளால் ஒரு சதுரம் செய்யுங்கள், தொட்டால் சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளால் ஒரு முக்கோணம் செய்யுங்கள், அழுத்தினாலும் உருமாறாது. சாயும் சதுரத்துக்கு மூலைக்கு மூலை சற்றே நீளமான ஒரு குச்சியைக் கொடுத்துப் பாருங்கள். அதுவும் நிமிர்ந்து நிற்கும். பிறகு வெளியே வந்து, வயல்வெளியில் நிற்கும் உயரழுத்த மின்கோபுரத்தைப் பாருங்கள். ரயில் பாலத்தைப் பாருங்கள். சரக்குக் கிடங்கின் கூரையைப் பாருங்கள். எங்கும் முக்கோணம்! சில காசு பெறுமான சாமானில் ஒரு பிள்ளைக்குப் பொறியியலின் கண் திறந்துவிடுகிறது.

இனி, படைப்புக் கலையைப் பற்றியும் பேச வேண்டும். தொழில்நுட்பம் ஓர் அறை, கலை மற்றோர் அறை என்று சுவர் எழுப்புவது பிள்ளைகளின் இயல்புக்குப் பொருந்தாது. 1967-இல் சீமோர் பாப்பர்ட்டும் அவர் நண்பர்களும் பிள்ளைகளுக்காக லோகோ என்னும் கணிப்பொறி மொழியை ஆக்கினார்கள். அம்மொழியிலே ‘ஆமை’ என்னும் குறி ஒன்று பிள்ளையின் கட்டளைப்படி நகர்ந்து கோடு இழுக்கும். முன்னே செல், 90 பாகை திரும்பு, இதனை நான்கு முறை செய் என்றால் சதுரம் பிறக்கும். முக்கோணத்துக்கு என்ன சொல்வது? உள்கோணம் 60 என்று பாடத்தில் படித்த பிள்ளை, 60 பாகை திரும்பு என்று மூன்று முறை கட்டளையிடுகிறது. ஆமையோ அறுகோணத்தில் பாதியை வரைந்துவிட்டு நிற்கிறது! திகைத்த பிள்ளை எழுந்து நின்று, தானே ஆமையாகித் தரையில் நடந்து, மூலையிலே தன் உடல் எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்கும்போது, திரும்ப வேண்டியது 120 பாகை என்பது உள்ளங்காலிலே தெரிந்துவிடுகிறது.

இதே வித்தை நம் வீட்டு வாசலில் தினந்தோறும் நடக்கிறது. புள்ளி வைத்து, புள்ளியைச் சுற்றி வளைத்து, கோடு முறியாமல் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிக்கும் கோலத்தில் எத்தகைய ஒழுங்கு, எத்தகைய விதி! தாம்பரம் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய அறிஞர்கள், 1970-களிலேயே கோலத்தின் இலக்கணத்தைக் கணிப்பொறி விஞ்ஞானத்தின் துணைகொண்டு ஆராய்ந்தார்கள். ஒரு பட்டறையிலே, பாட்டி வந்து பிள்ளைகளுக்குச் சிக்குக்கோலம் கற்பிக்கட்டும். பிறகு பிள்ளைகள் அந்தக் கோலத்தை வரையும்படி கணிப்பொறிக்குக் கட்டளை எழுதட்டும். அங்கே பாட்டியும் ஓர் உபாத்தியாயர் அல்லவா? ஆண்பிள்ளையும் கோலமாவு எடுக்கட்டும். பெண்பிள்ளையும் திருப்புளி எடுக்கட்டும். கலை எது, கணிதம் எது என்று பிரித்துக் காட்ட முடியாத அந்த நிலையிலேதான் பிள்ளையின் மனம் முழுமையாக விழித்திருக்கிறது.

நம் காலத்தில் வசதிகள் பெருகியிருப்பதை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறேன். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் துளிர் இதழின் வாயிலாகப் பிள்ளைகளிடம் செய்து பார்க்கும் ஆசையை வளர்த்து வருகிறது. மத்திய அரசின் நிதி ஆயோக், 2016 முதல், அடல் புத்தாக்க ஆய்வகங்களுக்காகப் பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை வழங்கியிருக்கிறது. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளிடம் சோதனைப் பொருள்களைக் கொண்டுசெல்கிறது. இவை யாவும் நல்ல காரியங்கள். ஆனால் விலையுயர்ந்த முப்பரிமாண அச்சுயந்திரம் உறை பிரியாமல் இருக்க, பார்வையிட வருவோருக்காக மட்டும் கதவு திறக்கும் அறைகளும் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். உடைந்துவிட்டால் யார் பொறுப்பு என்ற அச்சமே அந்தப் பூட்டு. நிலையை விட்டு நகராத தேரை வைத்துக்கொண்டு திருவிழா நடத்த முடியுமா?

ஆகவே, நல்ல பட்டறைக்கு இன்றியமையாதவை எவை என்று என் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, ஒவ்வொரு பிள்ளையும் தொட வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று செய்ய, நாற்பது பிள்ளைகள் எட்டி நின்று பார்ப்பது பட்டறை ஆகாது. இரண்டாவது, அழிவதற்கென்று கொஞ்சம் சாமான் இருக்க வேண்டும். கம்பி அறும், குச்சி ஒடியும், பாட்டரி தீரும்; அவற்றுக்குக் கணக்குக் கேட்டு ஆசிரியரை வதைக்கக் கூடாது. மூன்றாவது, ஆசிரியர் தாமே முன்னதாகச் செய்து பழகியிருக்க வேண்டும். அதற்கான பயிற்சியும் ஓய்வும் அவருக்குக் கிடைக்க வேண்டும். நான்காவது, சூடான கருவியையும் கூரான கருவியையும் பாதுகாப்பாகக் கையாளும் முறை முதலிலேயே கற்பிக்கப்பட வேண்டும். ஆபத்து என்று சொல்லிக் கருவியையே ஒளித்துவைப்பது பாதுகாப்பு அன்று. ஐந்தாவது, பிள்ளை தோற்பதற்கு நேரம் வேண்டும்.

இந்த ஐந்தாவதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2005-இல் இத்தாலி தேசத்து இவ்ரேயா நகரில் பிறந்த ஆர்டுயினோ என்னும் சிறிய மின்னணுப் பலகையைக் கொண்டு, பிள்ளைகள் பள்ளித் தோட்டத்துக்கு ஈரமானி செய்கிறார்கள். மண்ணிலே இரு உலோகக் கம்பிகளை ஊன்றினால், ஈர மண்ணில் மின்னோட்டம் எளிதாகப் பாயும், உலர்ந்த மண்ணில் தடைப்படும். அதனைக் கண்டு எப்போது நீர் விடுவது என்று தீர்மானிக்கலாம். அழகாக வேலை செய்யும் அந்தக் கருவி, நாளடைவில் தவறாகச் சொல்லத் தொடங்குகிறது. தோண்டிப் பார்த்தால், ஒரு கம்பி அரித்துப் போயிருக்கிறது. ஈர மண்ணிலே இடைவிடாது மின்சாரம் பாய்ந்ததால் மின்பகுப்பு நிகழ்ந்து உலோகம் கரைந்திருக்கிறது. அளக்கும் கணத்தில் மட்டும் மின்சாரத்தைச் செலுத்தினால் கம்பி நெடுநாள் நிற்கும் என்று பிள்ளைகள் பிறகு கண்டுபிடிக்கிறார்கள். ரசாயனப் பாடத்தில் வரும் மின்பகுப்பு, அன்றைக்கு அவர்கள் தோட்டத்துக்கே வந்துவிட்டது. ஒரே நாளில் செய்து, புகைப்படம் எடுத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும் பயிலரங்கில் இந்தப் பாடம் நிகழுமா? ஒருநாள் பயிலரங்கு ஆசையை மூட்டலாம்; ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் பட்டறையே அறிவை வளர்க்கும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கையெல்லாம் மசியும் பிசினுமாக வீடு திரும்பினால், படிப்பு என்னாயிற்று என்று சினந்து கேட்காதீர்கள். இன்று என்ன செய்தாய், எது நடக்கவில்லை, ஏன் என்று அன்போடு விசாரியுங்கள். ஊரிலுள்ள தச்சர்களே, மின்பணியாளர்களே, தையற்கலைஞர்களே, இருசக்கர வண்டி பழுது பார்ப்போரே, மாதம் ஒரு நாள் பள்ளிக்கு வாருங்கள். ஆசிரியருக்குச் சமமான ஆசனத்தில் அமர்ந்து உங்கள் வித்தையைச் சொல்லிக் கொடுங்கள். உங்கள் கைத்திறனுக்குப் பள்ளிக்கூடம் தலைவணங்குவதைக் கண்டு வளரும் பிள்ளை, உழைப்பை ஒருகாலும் இழிவாக எண்ணாது. மாணவச் செல்வங்களே, கெட்டுப்போன கடிகாரமோ விசிறியோ வீட்டிலிருந்தால், மின்தொடர்பை நீக்கிவிட்டு, பெரியவர் துணையோடு பிரித்துப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியும் ஆசையை எந்தப் பரீட்சைக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

தலைமையாசிரியர் அவர்களே, இறுதி விண்ணப்பம் உங்களுக்கு. வரும் கல்வியாண்டுக்கு அட்டவணை வரையும்போது, ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்தில் இரண்டு பாடவேளையைச் சேர்ந்தாற்போலப் பட்டறைக்கென்று எழுதுங்கள். சாவியை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து, அதற்குப் பொறுப்பான ஆசிரியரிடம் கொடுங்கள். பரீட்சை நெருங்குகிறது, அந்தப் பாடவேளையைக் கொஞ்சம் தாருங்கள் என்று எவரேனும் கடன் கேட்டு வந்தால், மரியாதையோடும் உறுதியோடும் இல்லை என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லை நீங்கள் சொல்லிவிட்டால், மற்றவற்றைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.